ஒரே ஊசி, இரண்டு பிள்ளைகள்

யான் என்ற ஊரில் என் கணவரின் அக்கா வீட்டுச் சமையலறையில் நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோதுதான் முதல் வலி வந்தது. எனக்கு வயிற்றில் இரட்டைப் பிள்ளைகள். முப்பதாவது வாரம். அந்த அக்கா, அதாவது என் அண்ணி, புதிதாகக் கட்டிய வீட்டுக்குப் பால் காய்ச்ச வந்திருந்தோம். என் கணவர் ஏர்கோன் என்னும் குளிர்சாதனப் பெட்டிகளைப் பழுது பார்ப்பவர். பக்கத்தில்தானே என்று தஞ்சோங் டாவாயில் ஒரு வீட்டு வேலையை முடித்துவிட்டு வரப் போயிருந்தார்.

வயிறு கல்லைப் போல இறுகியது. இருபது எண்ணுவதற்குள் விட்டுவிட்டது. வாயுவாக இருக்கும் என்று வெங்காயத்தைத் தொடர்ந்தேன். பத்து நிமிடத்தில் மறுபடியும் வந்தது. மூன்றாவது வந்தபோது கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

அண்ணி என் முகத்தைப் பார்த்தார். "எத்தன வாட்டி வந்துச்சு?"

"மூணு."

"மூணா? வாய மூடிக்கிட்டு வெங்காயம் உரிச்சியா? சூசா லா உன்னோட, ஒரே தொல்ல. ஏறு காடியில."

அண்ணி அப்போதுதான் காடி, அதாவது கார், ஓட்ட லைசென்ஸ் எடுத்திருந்தார். அதுவரை எந்த வாகனத்தையும் முந்திப் போனதே இல்லை. மிதிவண்டிக்குப் பின்னாலும் பொறுமையாகப் போகிறவர். அன்றைக்கு வயல் பாதையில், நெல் அறுக்கும் இயந்திரத்தை ஏற்றிக்கொண்டு ஆடி ஆடிப் போன ஒரு லாரியை ஹாரனில் வைத்த கையை எடுக்காமல் முந்தினார். பிறகு ஒரு பஸ்ஸை முந்தினார். அவர் கையெல்லாம் சமையல் மஞ்சள், ஸ்டியரிங் எல்லாம் மஞ்சள். வலிக்கு நடுவில் எனக்குச் சிரிப்பு வந்தது.

"சிரிக்காத! சிரிச்சா வந்துடும்!" என்று கத்தினார்.

பக்கத்திலிருந்த சின்ன ஆஸ்பத்திரியில் பார்த்தவுடனே ஆம்புலன்ஸில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே என்னைப் பார்த்தவர் இளம் மலாய் டாக்டர் ஒருவர். கூட ஒரு தமிழ் மிஸி. எங்கள் பக்கத்தில் தாதிகளை இன்னும் மிஸி என்றுதான் கூப்பிடுகிறோம். டாக்டர் மலாயில் வேகமாகச் சொன்னதை மிஸி நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொன்னார்.

"வலிய தள்ளிப் போட மாத்திர குடுக்குறோம். எவ்வளவு நேரம் தாங்கும்னு சொல்ல முடியாது. பிள்ளைங்களோட நுரையீரல் இன்னும் தயாராகல. பாசார்ல கடைக்காரங்க புது பிளாஸ்டிக் பை குடுப்பாங்கல்ல, உள்ள ஒட்டிக்கிட்டு திறக்கவே வராது, அது மாதிரி இருக்கும். அத பிரிச்சுவிட ஒரு ஊசி இருக்கு. ஸ்டீராய்டு. ரெண்டு தடவ போடணும். போட்டப்புறம் ஒரு நாளாவது பிள்ளைங்க உள்ள இருந்தா ரொம்ப நல்லது."

ஸ்டீராய்டு என்றதும் எனக்கு உடல் கட்டுபவர்கள் போடுகிற ஊசிதான் நினைவுக்கு வந்தது. "அது கெட்டது இல்லையா?" என்று கேட்டேன்.

மிஸி டாக்டரிடம் கேட்டார். டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவசர நேரத்தில் ஒரு டாக்டர் உட்கார்ந்து பேசுவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அவர் சொன்னதை மிஸி அப்படியே சொன்னார்: "உங்களுக்குக் கொஞ்ச நாளைக்கு ரத்தத்துல சீனி ஏறலாம், அத நாங்க பாத்துக்குவோம். பிள்ளைங்க பிறந்ததும் மூச்சு விட இது உதவும், அது நல்லாத் தெரியும். பல வருசம் கழிச்சு, வளந்தப்புறம், என்ன பண்ணும்னு முழுசாத் தெரியாது. ஆராய்ச்சி பண்றவங்க இன்னும் பாத்துக்கிட்டுதான் இருக்காங்களாம்."

"என் வீட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்."

அண்ணி அவருக்கு மூன்று முறை போன் அடித்துப் பார்த்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. என் கணவர் ஏணியின் மேல் இருந்திருக்கிறார், கைப்பேசி வேனில். டாக்டர் என் முகத்தையும் வலியைக் காட்டும் இயந்திரத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"போடுங்க," என்றேன்.

கடையில் தேத்தண்ணி கேட்கிற நேரம்கூட ஆகவில்லை. சுருக்கென்று ஒரு குத்து, அவ்வளவுதான். என் வாழ்க்கையில் யாரையும் கேட்காமல் நானே எடுத்த முதல் பெரிய முடிவு அது. பாடாங் செராய்க்குப் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில் பிறந்து, எந்தப் பள்ளி, எந்த வேலை, எந்த மாப்பிள்ளை என்று எல்லாவற்றையும் வீட்டில் கூடிப் பேசி முடிவு செய்தே வளர்ந்தவள் நான்.

என் கணவர் தலையெல்லாம் ஏர்கோன் தூசியோடு ஓடி வந்தார். "என்ன சொல்றாங்க?"

"ஊசி போட்டாங்க."

"என்ன ஊசி?"

"பிள்ளைங்களுக்கு."

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. டாக்டர் என்னிடம் கேட்டார், நான் சரி சொன்னேன், பின்னால் என்ன ஆகும் என்று முழுதாகத் தெரியாது என்றும் சொன்னார்கள் என்பதை அப்போதே சொல்லியிருக்கலாம். அவர் முகத்தில் இருந்த பயத்தைப் பார்த்து இன்னொரு பயத்தைத் தர மனம் வரவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது ஒரு பந்தயம். இரண்டாவது ஊசி பன்னிரண்டு மணி நேரம் கழித்துப் போட்டார்கள். அதற்கு மேல் ஒவ்வொரு மணி நேரமும் எங்களுக்குக் கிடைத்த புள்ளி. என் கணவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, காற்பந்து பார்ப்பவர் மாதிரி, "ஒன்னு ஆச்சு! இன்னும் ஒன்னு தாங்குமா?" என்பார். நான் அசையாமல் படுத்தபடி வயிற்றோடு பேசினேன். அவசரப்படாதீங்க, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம். தும்மல் வந்தால்கூட அடக்கினேன். அண்ணி யாரையும் சிரிப்பாகப் பேச விடவில்லை. ஒரு நாள் தாண்டியது. ஒன்றரை நாள் தாண்டியது. மிஸி வந்து என் கையைத் தட்டி, "கெட்டிக்காரி, பிடிச்சுட்டீங்க," என்றார்.

மூன்றாம் நாள் மதியம் இரண்டு மணிக்கு மாத்திரைக்கு அடங்காமல் வலி வந்தது. முதலில் வந்தவள் பூனைக்குட்டி மாதிரி அழுதாள். மெல்லிய குரல்தான், ஆனால் அறுந்துபோகாமல் நீண்டது. நான்கு நிமிடம் கழித்து இரண்டாமவள். அறை ஒரு கணம் அமைதியாக இருந்தது. நான் மூச்சை நிறுத்திக்கொண்டேன். பிறகு, அந்தக் கையளவு உடம்பிலிருந்து எப்படி வந்தது என்று தெரியவில்லை, ஒரு கத்தல்! டாக்டரே ஓரடி பின்னால் போய்ச் சிரித்தார்.

"கேட்டீங்களா? பை திறந்துடுச்சு!" என்றார் மிஸி.

வெளியே என் கணவர் நடைபாதையில் ஓடி முதலில் கண்ணில் பட்ட காவலாளியைக் கட்டிப் பிடித்து, "ரெண்டு! ரெண்டும் அழுதுச்சு!" என்று சொன்னாராம். அந்த நேபாளக்காரருக்கு ஒன்றும் புரியாவிட்டாலும் அவரும் சேர்ந்து குதித்தார் என்று அண்ணி இன்றும் சொல்வார்.

பெரியவள் ஒரு கிலோ நானூறு, சின்னவள் ஒரு கிலோ இருநூறு. கண்ணாடிப் பெட்டிக்குள் இருவரும் ஏழு வாரம் இருந்தார்கள். மூக்கில் குழாய் வைத்தார்கள், எடுத்தார்கள், சின்னவளுக்கு மறுபடியும் வைத்தார்கள். பக்கத்துப் பெட்டியில் இருந்த பிள்ளைக்கு ஒருநாள் திரையை இழுத்து மறைத்தார்கள். மறுநாள் அந்தப் பெட்டி காலியாக இருந்தது. அந்தத் தாயை நடைபாதையில் பார்த்தேன். அவர் என் கையைப் பிடித்துவிட்டுப் போனார். நான் உள்ளே போய் என் இரண்டு பெட்டிகளுக்கும் நடுவில் நின்று, நான்கு பாதங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்தபின் எல்லாம் ஓட்டம்தான். நான் கூலிம் நகரில் மின்னணுப் பொருள் செய்கிற தொழிற்சாலையில் மறுபடியும் சேர்ந்தேன். பெரியவள் அமைதியானவள். வைத்த இடத்தில் இருப்பாள், நகம் கடிப்பாள், புதிய ஆளைக் கண்டால் என் பின்னால் ஒளிவாள். சின்னவள் நடக்கவே இல்லை, எடுத்தவுடன் ஓடினாள். சாப்பாட்டு மேசையில் ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் நடுவில் வீட்டை ஒரு சுற்று சுற்றி வருவாள். வயலில் வைக்கோல் எரிக்கும் பருவத்தில் அண்ணி வீட்டுக்குப் போனால் அவளுக்கு மட்டும் மூச்சு இளைக்கும். நெஞ்சு விசில் அடிக்கும்.

அவர்கள் பள்ளியில் ஒன்றாம் ஆண்டு சேர்ந்த வருடம் குடும்பத்தின் வாட்ஸ்அப் புலனக் குழுவில் ஒரு செய்தி வந்தது. யார் எழுதியது என்று போடவில்லை. கர்ப்ப காலத்தில் ஸ்டீராய்டு ஊசி போட்ட தாய்மாரின் பிள்ளைகளுக்குப் பின்னால் மூளைக் கோளாறு வரும், மனநோய் வரும், ரத்த அழுத்தம் வரும் என்று சிவப்பு எழுத்தில், ஆச்சரியக்குறி மேல் ஆச்சரியக்குறி. கடைசியில், உடனே பத்துப் பேருக்கு அனுப்புங்கள்.

என் கணவர் அதைப் படித்துவிட்டுச் சாதாரணமாகத்தான் கேட்டார். "உனக்கு அன்னிக்குப் போட்டாங்களே, அது இந்த ஊசியா?"

சின்னவள் அப்போது நாற்காலியின் முதுகில் ஏறி நின்றுகொண்டிருந்தாள்.

"தெரியலைங்க," என்றேன்.

சின்னப் பொய்தான். ஆனால் அது வீட்டில் தங்கிவிட்டது. சின்னவளின் ஆசிரியை அவள் இருக்கையில் உட்காருவதே இல்லை என்று குறிப்பேட்டில் எழுதி அனுப்பும்போதெல்லாம் எனக்கு அந்த ஊசிதான் ஞாபகம் வரும். தொழிற்சாலையில் ஓய்வு நேரத்தில் கைப்பேசியில் தேடிப் படித்தேன். ஒரு பக்கம் ஒன்று சொன்னது, இன்னொரு பக்கம் வேறு சொன்னது. பாதி புரியவில்லை. புரிந்த பாதியிலும், இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றே இருந்தது. யாரும் என் பிள்ளையைப் பற்றி எழுதியிருக்கவில்லை.

மூன்றாம் ஆண்டில் சின்னவளின் ஆசிரியை எங்கள் இருவரையும் பள்ளிக்குக் கூப்பிட்டார். திட்டுவார் என்று போனோம். அவர் திட்டவில்லை. "கெட்டிக்காரப் பிள்ள, வாயால கேட்டா எல்லாத்துக்கும் பதில் சொல்லுது. எழுத உட்காந்தா அஞ்சு நிமிசம் இருக்க மாட்டேங்குது. ஒரு தடவ டாக்டர்கிட்ட காட்டுங்களேன்," என்றார். பாடாங் செராய் கிளினிக்கில் காட்டினோம். அவர்கள் கடிதம் எழுதிப் பெரிய ஆஸ்பத்திரியின் குழந்தைகள் நிபுணரிடம் அனுப்பினார்கள்.

போகிற நாளில் பெரியவளை விட்டுப் போக ஆள் இல்லாததால் அவளையும் கூட்டிக்கொண்டோம். அவளுக்குக் காட்ட ஒன்றுமில்லை என்று நினைத்தோம். நிபுணர் ஒரு தமிழ்ப் பெண்மணி. நரைத்த முடியைக் கட்டையாக வெட்டியிருந்தார். சின்னவள் அவர் சுழல் நாற்காலியைச் சுற்றிக்கொண்டிருக்க, அவர் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். எத்தனையாவது வாரம், எடை என்ன, எத்தனை நாள் பெட்டியில்.

"பிறக்கறதுக்கு முன்னால ஸ்டீராய்டு ஊசி போட்டாங்களாம்மா?"

என் கணவர் என் பக்கமாகத் திரும்பினார்.

"போட்டாங்க டாக்டர். ரெண்டும். என்கிட்ட கேட்டாங்க, நான்தான் சரின்னேன்."

"நல்லது," என்று டாக்டர் எழுதிக்கொண்டார்.

நான் அடக்கி வைத்திருந்ததெல்லாம் கொட்டிவிட்டது. "டாக்டர், கைப்பேசியில ஒரு செய்தி வந்துச்சு, அதுல சொன்ன மாதிரி அந்த ஊசியாலதான் இவ இப்படி இருக்காளா? நான் சரின்னு சொன்னதாலயா?"

அவர் பேனாவை வைத்தார். "அந்தச் செய்தி எனக்கும் வந்துச்சும்மா, என் அக்காவே அனுப்புனாங்க. அதுல கொஞ்சம் உண்மை இருக்கு, நிறைய பயமுறுத்தல் இருக்கு. இந்த ஊசி போட்ட பிள்ளைங்கள்ல சிலருக்குப் பின்னாடி கவனம், நடத்தை, ரத்த அழுத்தம் இதுல வித்தியாசம் இருக்குமோன்னு பாக்கறாங்க. சில பேர் இருக்குன்னு சொல்றாங்க, சில பேர் பெருசா ஒன்னும் இல்லைங்கறாங்க. ஆனா உங்க பிள்ள பத்து வாரம் முன்னாடியே பிறந்தவ, இரட்டைல ஒருத்தி, எட ரொம்ப கம்மி. இது ஒவ்வொன்னும் பிள்ளைய பாதிக்கலாம். இதுல எது எவ்வளவுன்னு பிரிச்சு என்னால சொல்ல முடியாது. யாராலயும் முடியாது."

பிறகு வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார். பெரியவள் நாற்காலி நுனியில் உட்கார்ந்து நகம் கடித்துக்கொண்டிருந்தாள். "அவளும் அதே வயித்துல, அதே ஊசியில இருந்தவதான? அவ எப்படி?"

"அவ சாது டாக்டர். ஒரு தொந்தரவும் இல்ல."

"அப்ப அவளையும் பாத்துடலாம். வாம்மா உள்ள."

இத்தனை வருடமும் நான் ஒருத்தியைப் பார்த்துத்தான் பயந்திருக்கிறேன். அதே ஊசி மற்றவளுக்கும் போயிருக்கிறது என்று ஒருநாள்கூட யோசித்ததில்லை. எனக்குள் வந்தது பயமா, விடுதலையா என்று அப்போது பிரித்துப் பார்க்க முடியவில்லை.

அன்று அந்த ஆஸ்பத்திரியில் எங்கள் பிள்ளைகளுக்கு நடந்ததை ஒரு திருவிழா என்றே சொல்வேன். உயரம், எடை, கண், காது, படம் பார்த்துச் சொல்வது, கட்டைகளை அடுக்குவது. கடைசியில் மூச்சுப் பரிசோதனை. ஒரு குழாயை வாயில் வைத்து ஊத வேண்டும். எதிரே கணினித் திரையில் ஒரு பிறந்தநாள் கேக், அதன்மேல் மெழுகுவத்திகள். எவ்வளவு நேரம் பலமாக ஊதுகிறார்களோ அவ்வளவு மெழுகுவத்தி அணையும்.

பெரியவள் முதலில் ஊதினாள். கூச்சத்தில் பாதி, சிரிப்பில் பாதி. இரண்டாவது முறை ஒழுங்காக ஊதி எல்லாவற்றையும் அணைத்தாள். அடுத்தது சின்னவள். நெஞ்சு விசில் அடிக்கிறவள், வைக்கோல் புகைக்கு வாடிப்போகிறவள். குழாயை வாங்கியவள் கண்ணை உருட்டி, தோளைத் தூக்கி, முழு மூச்சையும் இழுத்தாள்.

"ஊது, ஊது, ஊது, ஊது!" என்று பரிசோதனை செய்த மலாய்ப் பையன் தமிழிலேயே கத்தினான். எங்களைப் போன்றவர்களிடமிருந்து கற்றிருப்பான். என் கணவர் எழுந்து நின்றுவிட்டார். நானும். ஒன்று அணைந்தது, நான்கு அணைந்தன, ஒரு வரிசையே அணைந்தது. கடைசி மெழுகுவத்தி ஆடியது. முகம் சிவந்து, முட்டி மடங்கி, இன்னும் ஊதினாள். அணைந்தது! திரையில் வாணவெடி. பெரியவள் துள்ளிக் குதித்துத் தங்கையைக் கட்டிக்கொண்டாள். பிறந்தபோது ஒட்டிக்கொண்டிருக்குமோ என்று நாங்கள் நடுங்கிய அந்த நுரையீரல், என் கண் முன்னால் இத்தனை காற்றை வெளியே தள்ளியது. நான் அழுதேன். அந்தப் பையன் பதறி, அம்மா என்பதற்கு மலாய்ச் சொல்லைப் போட்டு, "சரியாத்தான் பண்ணினாங்க புவான், ரொம்ப நல்லா இருக்கு," என்றான்.

ஆனால் ரத்த அழுத்தம் பார்க்கும்போது டாக்டரின் புருவம் சற்று ஏறியது. சின்னவளுக்குச் சரியாக இருந்தது. பெரியவளுக்கு, என் சாதுவுக்கு, வயதுக்குக் கொஞ்சம் அதிகம். பத்து நிமிடம் உட்காரவைத்து மறுபடியும் பார்த்தார். அப்போதும் அதிகம்.

"பயத்துல ஏறியிருக்கலாம். ஒரு தடவ பாத்துட்டு முடிவு பண்ணக் கூடாது. வாரம் ஒரு முறை உங்க வீட்டுப் பக்கத்துக் கிளினிக்ல எடுத்து எழுதிட்டு வாங்க. உப்பக் குறைங்க. பிள்ளய ஓட விடுங்க."

சின்னவளுக்குக் கவனக் குறைபாடு இருக்கிறது என்றும் அன்றே சொன்னார். மருந்து இப்போது வேண்டாம், முதலில் பயிற்சி, பள்ளியிலும் வீட்டிலும் சில மாற்றங்கள் என்று எழுதிக் கொடுத்தார்.

வீட்டுக்குத் திரும்பும்போது என் கணவர் சாலையை மட்டுமே பார்த்து ஓட்டினார். பின் இருக்கையில் பிள்ளைகள் ஊதுகிற விளையாட்டு விளையாடினார்கள். பாதி வழியில் ஒரு கடையில் நிறுத்தினார். பிள்ளைகள் பரோட்டா போன்ற ரொட்டி சானாயில் மூழ்கியிருக்க, என்னைப் பார்த்தார்.

"அன்னிக்கு நான் இருந்திருந்தா போடுங்கன்னுதான் சொல்லியிருப்பேன்," என்றார். "அது இல்ல. நான் கேட்டப்ப தெரியலைன்னியே. இத்தன வருசமா தனியா பயந்துக்கிட்டு இருந்தியா?"

"உங்களுக்கு என் மேல கோவம் வரும்னு நினைச்சேன்."

"இப்ப வந்துருக்கு. ஊசிக்கு இல்ல, நீ மறைச்சதுக்கு." தேத்தண்ணியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். பிறகு, "இனிமே ரெண்டு பேரும் சேர்ந்து பயப்படுவோம், என்ன?" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து, பெரியவள் தட்டிலிருந்து தலையைத் தூக்கி, "அம்மா ஏன் மறுபடியும் அழுவுறாங்க?" என்றாள்.

அன்றே பிள்ளைகளிடம் எல்லாவற்றையும் சொன்னோம். நீங்கள் அவசரக்காரிகள், சீக்கிரம் வந்துவிட்டீர்கள், மூச்சு விட ஊசி போட்டார்கள் என்று. சின்னவள் உடனே, "நான் அழுதது சத்தமா, அவ அழுதது சத்தமா?" என்று கேட்டாள். பெரியவள் நெடுநேரம் யோசித்து, "ஊசி உங்களுக்கு வலிச்சுச்சா?" என்றாள்.

அண்ணியிடம் தொலைபேசியில் சொன்னபோது அவர் முதலில் அழுதார், பிறகு சிரித்தார். "கவனக் குறைபாடா? உன் வீட்டுக்காரன் ஸ்கூல்ல ஒரு நாளாவது நாற்காலியில உக்காந்திருப்பான்னு நினைக்கிறியா? ஜன்னல் வழியா குதிச்சு ஓடுவான். எங்க அம்மாவுக்கு எந்த ஊசியும் போடலியே!" பேச்சை ஒலிபெருக்கியில் போட்டிருந்தேன். என் கணவர் காதைச் சொறிந்துகொண்டு வெளியே போய்விட்டார். அடுத்த முறை டாக்டரிடம் இதைச் சொன்னேன். அவர் வாய்விட்டுச் சிரித்து, அதையும் எழுதிக்கொண்டார்.

உப்புக்கு எதிரான போர் தொடங்கியது. என் கணவர் மீனவர் ஊரான தஞ்சோங் டாவாயில் வேலைக்குப் போனால் அங்குள்ளவர்கள் அன்பாகக் கருவாடும் நெத்திலியும் பொட்டலம் கட்டித் தருவார்கள். எங்கள் வீட்டில் அது இல்லாத நாளே இல்லை. என் கணவர் வாங்க மறுத்தால் அவர்கள் மனம் வருந்துமே என்று வாங்கி வந்து தொழிற்சாலைத் தோழிகளுக்கு என்னிடம் கொடுத்தனுப்பினார். பாக்கெட்டில் வரும் மீ நூடுல்ஸை நிறுத்தினோம். முதல் வாரம் குழம்பை யாராலும் வாயில் வைக்க முடியவில்லை. புளியும் எலுமிச்சையும் வைத்துச் சமாளித்தேன். மாலையில் வீட்டுக்கு எதிரேயிருந்த திடலில் நால்வரும் பந்து ஆடினோம். நகம் கடிக்கிற பெரியவள் கோல் காக்க ஆசைப்பட்டாள். பந்து வரும்போது அவள் கண்ணில் பயமே இல்லை. இவளுக்கு இது இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியவே தெரியாது.

ஒவ்வொரு சனிக்கிழமையும் கிளினிக்கில் ரத்த அழுத்தப் பட்டையைப் பெரியவள் கையில் சுற்றும்போது நாங்கள் மூவரும் அந்த எண்ணையே முறைத்துப் பார்ப்போம். ஒரு வாரம் இறங்கும், அடுத்த வாரம் ஏறும். மூன்று மாதம் கழித்து டாக்டர் எல்லா எண்களையும் ஒன்றாக வைத்துப் பார்த்தார்.

"இறங்கியிருக்கு. வயசுக்குச் சரியான அளவுல மேல் ஓரத்துல நிக்குது. மருந்து வேண்டாம். ஆனா வருசா வருசம் பாக்கணும். வளந்தப்புறமும், தனக்குப் பிள்ள பிறக்கற காலத்துலயும், தன் கதைய அவளே டாக்டர்கிட்ட சொல்லத் தெரிஞ்சிருக்கணும்."

"அந்த ஊசியாலயா டாக்டர்?" என்று இந்த முறை கேட்டது என் கணவர்.

"தெரியாது," என்றார் அவர், முதல் நாள் சொன்ன அதே தெளிவோடு. "அந்த ஊசி போடாம இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னும் தெரியாது. கையில இருக்கறது இந்த ரெண்டு பேரு. இவங்கள நல்லாத் தெரியும்."

வாகனம் நிறுத்தும் இடத்தில் என் கணவர் இருவரையும் இரு தோளிலும் தூக்கிச் சுற்றினார். ஒன்பது வயதுப் பிள்ளைகள் இரண்டைத் தூக்கினால் இடுப்பு என்ன ஆகும்! இரண்டு நாள் ஏணி ஏற முடியாமல் படுத்துக் கிடந்தார். அதற்கும் அவருக்குச் சிரிப்புதான்.

இப்போது இருவரும் ஆறாம் ஆண்டு. சின்னவளின் ஆசிரியை அவளுக்கு வேலையைத் துண்டு துண்டாகக் கொடுக்கிறார். ஒரு துண்டு முடிந்ததும் அலுவலகத்துக்குக் கோப்பு கொண்டுபோக அனுப்புகிறார். அவள் ஓடிப் போய் ஓடி வந்து அடுத்த துண்டில் உட்காருகிறாள். எல்லா நாளும் நல்ல நாள் இல்லை. புத்தகத்தை வீசியெறிகிற நாளும் உண்டு, அதை நானே கண்ணீரோடு பொறுக்கி எடுக்கிற நாளும் உண்டு. ஆனால் போன வாரம் ஒரு முழுக் கட்டுரை, ஒரே மூச்சில், ஒன்றரைப் பக்கம் எழுதிக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள். எழுத்துப் பிழைகளை நான் பார்க்கவே இல்லை. பெரியவள் பள்ளியின் பெண்கள் காற்பந்துக் குழுவில் கோல் காக்கிறாள். புதிய ஆட்களைக் கண்டால் இன்றும் என் பின்னால் ஒளிகிறாள். பந்தைக் கண்டால் முன்னால் பாய்கிறாள்.

பள்ளி விடுமுறைக்கு அண்ணி வீட்டுக்குப் போனோம். மழை விட்டிருந்தது. ஜெராய் மலையடி அருவியில் தண்ணீர் கொட்டுகிறது என்று கேள்விப்பட்டு எல்லோரும் கிளம்பினோம். வழுக்குகிற படிகள். அண்ணி கீழேயே உட்கார்ந்துகொண்டார். என் கணவர் பையைத் தூக்கிக்கொண்டு பாதியில் மூச்சு வாங்க நின்றார். பிள்ளைகள் இருவரும் எப்போது எங்களைத் தாண்டினார்கள் என்றே தெரியவில்லை. மேலே அருவி இரைச்சலுக்கும் மேலாகச் சின்னவளின் குரல் கேட்டது.

"அம்மா! இங்க வந்து பாருங்க! எவ்வளவு பெருசு! சீக்கிரம் வாங்க லா!"

"மெதுவா வரட்டும்டி, கல்லு வழுக்குது!" என்றது பெரியவளின் குரல்.

நான் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, ஈரக் கல்லில் விரல்களை ஊன்றி, வேக வேகமாக ஏறினேன்.